வடக்கே போனாலும் தெற்கே வந்தாலும்

ஆரம்பாக்கத்துக்கு வடக்கேயிருந்து அரிசி தெற்கே வந்த காலத்தில் அதற்குப் பெயர் கடத்தல். இன்றைக்குத் தெற்கேயிருந்து அரிசி வடக்கே போகிறது. அதற்கும் பெயர் கடத்தல்தான். என் ஆயுளுக்குள் அரிசி திசை திரும்பிவிட்டது, சொல் திரும்பவில்லை. அந்தச் சொல்லைத் தலையில் சுமக்கிறவர்களும் மாறவில்லை. அப்போது எங்கள் ஆயா சுமந்தாள். இப்போது அடுத்த தெருப் பெண்கள் சுமக்கிறார்கள்.

புதுவாயல் பெரிய ஊர் இல்லை. சென்னையிலிருந்து கல்கத்தா போகிற நெடுஞ்சாலையில், கவரைப்பேட்டையை ஒட்டி இருக்கிறது. மேற்கே ஆரணி வழியாகப் பெரியபாளையத்துக்கு ஒரு சாலை பிரியும். ஆடி மாதம் பவானியம்மன் கோயிலுக்குப் போகிற கூட்டம் எங்கள் ஊர் முனையில்தான் திரும்பும். பெரிய சாலையைப் பெரியவர்கள் ஜி.என்.டி. ரோடு என்பார்கள். பிறகு அது என்.எச். 5 ஆனது, இப்போது 16. வடக்கே கும்மிடிப்பூண்டி, எளாவூர், ஆரம்பாக்கம். அதைத் தாண்டினால் தடா, ஆந்திரம். பஸ் ஏறினால் அரை மணி நேரத்தில் வேறு மாநிலம்.

எங்கள் ஆயா பிறந்தபோது அங்கே எல்லை என்று ஒன்று இல்லவே இல்லை. நெல்லூரும் செங்கல்பட்டும் ஒரே சென்னை மாகாணம். அவள் கூடப் பிறந்தவர்களில் பாதிப்பேர் சூளூர்பேட்டைப் பக்கம் வாழ்க்கைப்பட்டவர்கள். வீட்டுக்குள் தமிழ், சம்பந்தி வீட்டில் தெலுங்கு என்று இரண்டு பாஷையும் தடையில்லாமல் பேசினாள். 1953இல் ஆந்திரம் தனி மாநிலமானது. 1960 ஏப்ரல் முதல் தேதி எல்லையை மறுபடி திருத்தினார்கள். திருத்தணி நமக்கு வந்தது, பொன்னேரி, திருவள்ளூர் வட்டங்களின் பல கிராமங்களும் சத்தியவேடும் அங்கே போயின. எல்லைக்கோட்டுக்காக நடந்த போராட்டங்களைப் பற்றி நிறையப் புத்தகங்கள் உண்டு. கோடு விழுந்த மறுநாள் அண்ணன் வீட்டு நெல்லைத் தங்கை வீட்டுக்குக் கொண்டுவருவது என்ன ஆயிற்று என்று யாரும் எழுதி நான் படித்ததில்லை.

முதல் சில ஆண்டுகள் ஒன்றும் ஆகவில்லை. ஆந்திரம், சென்னை, மைசூர், கேரளம் நான்கும் 1957 முதல் ஒரே தென்மண்டலமாக இருந்ததால் அரிசி தாராளமாக வந்தது. 1964இல் அந்த மண்டலத்தை உடைத்து ஒவ்வொரு மாநிலத்தையும் தனி மண்டலமாக்கினார்கள். அரசாங்கம் அனுமதித்தால் தவிர, அரிசி மாநில எல்லையைத் தாண்டக்கூடாது. அதற்குப் பின்னால் வந்த 1965, 66 இரண்டும் மழை பொய்த்த ஆண்டுகள். எங்கள் பக்கம் ஏரிப் பாசனம்தான். ஏரி வறண்டால் வயலும் வறண்டது. அமெரிக்கக் கோதுமையும் மக்காச்சோளமும் ரேஷனில் வந்தன. அவற்றை எப்படிச் சமைப்பது என்று தெரியாமல் பெண்கள் தவித்தார்கள். வடக்கே சூளூர்பேட்டையிலும் நாயுடுபேட்டையிலும் நெல்லூர் அரிசி மூட்டை மூட்டையாக இருந்தது. அங்கே மலிவு, இங்கே கிடைக்கவே கிடைக்காது.

ஆயா ரயில் ஏறினாள். அவள் மட்டுமல்ல, கவரைப்பேட்டை ஸ்டேஷனில் விடியற்காலையில் ஏறிய பெண்கள் ஒரு கூட்டம். சாயங்காலம் திரும்பும்போது ஒவ்வொருத்தியும் இரண்டு சுற்றுப் பருத்திருப்பாள். பாவாடைக்கு உள்ளே நீளமாகத் தைத்த பைகள், அவற்றில் அரிசி. மார்போடு ஒன்று, இடுப்பில் ஒன்று, கைக்குழந்தைக்கு அடியில் விரித்த துணிக்குள் கொஞ்சம். எனக்கு எட்டு ஒன்பது வயது. வீட்டுக்கு வந்ததும் ஆயா கூடத்துக் கதவைச் சாத்திக்கொண்டு முடிச்சுகளை அவிழ்ப்பாள், அரிசி முறத்தில் சொரியும். அதில் கால் பங்குதான் எங்களுக்கு. மீதியைத் தெருவில் படிக்கணக்கில் விற்றுவிட்டு மறுநாள் ரயில் கட்டணத்துக்கும் முதலுக்கும் எடுத்து வைப்பாள். இடுப்பில் பைக்கயிறு அறுத்த தழும்பு சாகும்வரை அவளுக்கு இருந்தது.

அவள் ஒரு நாளும் அதைக் கடத்தல் என்று சொன்னதில்லை. 'நடை' என்பாள். "ரெண்டு நடை போய்ட்டு வந்தேன், இந்த மாசம் ஓடிடும்" என்பாள். கடத்தல் என்ற சொல் எங்கள் வீட்டுக்குள் வந்தது போலீஸ்காரர் வாயிலிருந்து. ஒரு தடவை அவளையும் இன்னும் சில பெண்களையும் ரயிலிலிருந்து இறக்கி, பைகளைக் கத்தியால் கீறிப் பிளாட்பாரத்தில் கொட்டச் சொல்லிவிட்டார்கள். நைனா போய் அழைத்துவந்தார். அன்று இரவு ஆயா சாப்பிடவில்லை. "திருடிக்கினா வந்தேன்? துட்டு குடுத்து வாங்கினேன். எங்க அண்ணன் ஊட்டு ஊரு அது" என்று சுவரைப் பார்த்துச் சொல்லிக்கொண்டே இருந்தாள். அந்தக் கேள்விக்கு இன்றுவரை என்னிடம் பதில் இல்லை. காசு கொடுத்து வாங்கிய அரிசி. விற்றவனுக்கும் சம்மதம், வாங்கியவளுக்கும் சம்மதம். நடுவில் ஒரு கோடு மட்டும்.

அந்தப் பஞ்சகாலத்து அரிசிதான் 1967 தேர்தலில் ஆட்சியையே மாற்றியது. ரூபாய்க்குப் படி அரிசி என்று அண்ணா சொன்னதையும், சென்னையிலும் கோவையிலும் அதைத் தொடங்கியதையும் எல்லோரும் அறிவார்கள். மண்டலத் தடைகள் முற்றாகப் போனது 1977இல். போன அன்றிலிருந்து ஆயா செய்துவந்த அதே காரியத்துக்குப் பெயர் வியாபாரம். செங்குன்றத்தில் நெல் மண்டிகள் பெருகின. நெல்லூர் லாரிகள் வரிசை கட்டின. அந்த மண்டிக்காரர்கள் யாரையும் யாரும் கடத்தல்காரர் என்று சொன்னதில்லை. சொல்லவும் கூடாது. ஆனால் ஆயாவுக்கு ஒட்டிய பெயரை யாரும் வந்து நீக்கவும் இல்லை. 'அரிசி கடத்துற கிழவி வீடு' என்று எங்கள் வீட்டுக்கு அடையாளம் சொன்னவர்களை நான் பெரியவனான பிறகும் கேட்டிருக்கிறேன்.

தமிழில் 'கடத்து' என்பது ஒரு குற்றமும் இல்லாத வினை. பொழுதைக் கடத்துகிறோம். செம்புக் கம்பி மின்சாரத்தைக் கடத்துகிறது என்று பள்ளிக்கூடத்தில் படித்தோம். ஒரு இடத்திலிருந்து இன்னொரு இடத்துக்குப் போகவிடுவது, அவ்வளவுதான். குற்றத்தைச் சொல்ல முன்னால் 'கள்ள' சேர்த்தார்கள்; கள்ளக்கடத்தல் என்று பழைய செய்தித்தாள்களில் முழுசாகவே அச்சிட்டிருக்கும். நாளடைவில் 'கள்ள' உதிர்ந்து, கடத்தல் என்றாலே குற்றம் என்றாகிவிட்டது. 1962ஆம் ஆண்டுச் சுங்கச் சட்டம் நாட்டின் எல்லையைத் தாண்டும் பொருளைப் பற்றித்தான் பேசுகிறது. எங்கள் சாலையிலோ கிராமத்து ஆற்று மணலிலிருந்து பாவாடைக்குள் இருந்த அரிசிவரை எல்லாவற்றுக்கும் இந்த ஒரு சொல்தான். இவ்வளவு வேறுபட்ட காரியங்களுக்கு ஒரே பெயர் வைத்தது பெரிய அநியாயம் என்று நான் நினைக்கிறேன். ஏனென்றால் அந்தப் பெயர் எல்லோர் மேலும் ஒரே மாதிரி விழுவதில்லை.

ஃபாரின் சாமானைப் பாருங்கள். 1964க்குப் பிறகு பர்மாவில் கடைகளையும் தொழில்களையும் அரசாங்கம் எடுத்துக்கொள்ள, தலைமுறை தலைமுறையாக அங்கே இருந்த தமிழர்கள் வெறுங்கையோடு கப்பலேறிச் சென்னை வந்தார்கள். அவர்கள் பிழைக்கட்டும் என்று துறைமுகத்துக்கு எதிரே 1969இல் உருவானது பர்மா பஜார். அங்கே கிடைத்த ஜப்பான் கைக்கடிகாரம், நைலக்ஸ் புடவை, டூ இன் ஒன் ரேடியோ, செண்டு பாட்டில் எல்லாம் சுங்கம் கட்டி வந்தவை அல்ல என்று ஊருக்கே தெரியும். எழுபதுகளில் எங்கள் பக்கத்துக் கல்யாணங்களில் மாப்பிள்ளைக்கு 'ஃபாரின் வாட்ச்' போடுவது பெருமை. கையைக் கொஞ்சம் தூக்கி, சட்டைக் கையை மேலே இழுத்துவிட்டுக்கொண்டு மாப்பிள்ளைகள் பந்தியில் நடப்பார்கள். சபையில் பெரியவர் ஒருவர், "எங்க வாங்கினது?" என்று கேட்டால், "பர்மா பஜார்ல, ஒரிஜினல்" என்று பதில் வரும். அந்தச் சபையில் வட்டாட்சியர் அலுவலகத்துக்காரரும் இருப்பார், போலீஸ்காரரும் இருப்பார். ஒருவர் வாயிலும் கடத்தல் என்ற சொல் வராது.

அந்நியச் செலாவணி, கடத்தல் தடுப்புக்காக 1974இல் காஃபிபோசா சட்டம் வந்தது. விசாரணையில்லாமலே உள்ளே வைக்கலாம். தங்கத்துக்குத் தனியாகக் கட்டுப்பாட்டுச் சட்டம் 1968 முதல் இருந்தது. 1990இல் அது நீங்கியது. 1991க்குப் பிறகு இறக்குமதி தாராளமாகி, ஃபாரின் சாமானின் மவுசும் இறங்கியது. இன்றைக்குத் தடாவுக்கு அருகே ஸ்ரீசிட்டியில் தொழிற்சாலைகள் நிற்கின்றன. 2015 முதல் ஃபாக்ஸ்கான் அங்கே ஷாவ்மி செல்போன்கள் செய்தது. ஒரு காலத்தில் கப்பலில் ஒளித்துக் கொண்டுவந்த மாதிரிப் பொருளை, எங்கள் பக்கத்துப் பெண் பிள்ளைகள் கம்பெனி பஸ்ஸில் போய்த் தங்கள் கையால் பூட்டுகிறார்கள். அதைப் பார்க்க எனக்கு நிஜமாகவே சந்தோஷம்.

சாராயத்தின் கதையும் அரிசியின் கதைதான். தமிழ்நாட்டில் மதுவிலக்கு 1971இல் தளர்ந்து 1974இல் திரும்பியது. 1981இல் கடைகள் திறக்கும்வரை, ஆந்திரத்துச் சாராயம் லாரி டியூப்களில் அடைபட்டு சத்தியவேட்டுப் பக்கமிருந்து இரவில் வந்தது. பிறகு நெல்லூர் மாவட்டம் தூபகுண்டாவில் 1992இல் பெண்கள் சாராயத்துக்கு எதிராக எழுந்தார்கள். அது மாநிலம் முழுதும் பரவி, 1995 ஜனவரியில் என்.டி. ராமராவ் முழு மதுவிலக்கே கொண்டுவந்தார். உடனே பாட்டில்கள் இங்கிருந்து அங்கே போகத் தொடங்கின. 1997இல் அங்கே மதுவிலக்கு தளர்ந்தது. இரண்டு காலத்திலும் பிடிபட்டவர்கள் சைக்கிள்காரர்களும் பால்கேன்காரர்களும்தான். சாராயத்தின் மேல் எனக்குக் கொஞ்சமும் அன்பில்லை. அது எங்கள் தெருவில் எத்தனை தாலி அறுத்தது என்று தெரிந்தவன் நான். ஆனால் டியூப் சுமந்தவன் சிறைக்குப் போனான், டியூபை நிரப்பியவன் ஊரில் இருந்தான் என்பதையும் சேர்த்தே தெரிந்தவன்.

அடுத்தது செம்மரம். பெரும்பாலும் சேஷாசல மலைகளை ஒட்டி இயற்கையாக வளரும் மரம். வெளிநாட்டில் அதற்கு அப்படி ஒரு விலை. மலையிலிருந்து துறைமுகத்துக்கு வரும் வழிகளில் எங்கள் சாலையும் ஒன்று. கட்டைகளோடு லாரி மடக்கினார்கள், கிடங்கைத் திறந்தார்கள் என்று அடிக்கடி செய்தி வரும். 2015 ஏப்ரல் 7ஆம் தேதி, சித்தூர் மாவட்டம் சந்திரகிரிப் பக்கத்துக் காட்டில் ஆந்திரப் போலீசார் 20 பேரைச் சுட்டுக்கொன்றார்கள். திருவண்ணாமலை, தருமபுரி முதலான மாவட்டங்களிலிருந்து கூலிக்கு மரம் வெட்டப் போன தமிழர்கள். அன்று மாலை டீக்கடையில் டி.வி. ஓடிக்கொண்டிருந்தது. 'கடத்தல்காரர்கள் 20 பேர் சுட்டுக்கொலை' என்று முதலில் ஓடிய வரி, சில மணி நேரத்துக்குப் பிறகு 'கூலித் தொழிலாளர்கள்' என்று மாறியது. நான் அந்த மாற்றத்தைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். மாறாமல் அந்த முதல் வரியே நின்றிருந்தால் அந்தச் சாவுகளை ஊர் மறுநாளே மறந்திருக்கும். கடத்தல்காரன் செத்தால் யாரும் ஏன் என்று கேட்பதில்லை. கோடரி பிடித்தவனுக்குக் கூலி. கட்டையைக் கப்பலேற்றுகிறவனுக்குத்தான் அந்த விலை. கப்பலேற்றியவன் காட்டுக்குள் கால் வைத்திருக்கவே மாட்டான்.

இனி இன்றைய அரிசி. தமிழ்நாட்டு ரேஷனில் அரிசி 2006இல் கிலோ இரண்டு ரூபாய், 2008இல் ஒரு ரூபாய், 2011 ஜூன் முதல் இலவசம். எங்கள் ஆயாவின் இடுப்புத் தழும்பைப் பார்த்து வளர்ந்தவனுக்கு இது எவ்வளவு பெரிய காரியம் என்று தெரியும். இந்த மாநிலத்தில் பட்டினியால் ஒரு வீட்டில் உலை ஏறாமல் இருக்கக்கூடாது என்று ஓர் அரசாங்கம் தீர்மானித்தது; அடுத்தடுத்து வந்த அரசாங்கங்களும் அதைக் கைவிடவில்லை. ஆனால் அட்டை வைத்திருக்கிற எல்லோரும் அந்த அரிசியைச் சாப்பிடுவதில்லை. வசதி வந்தவர்கள் இட்லிக்கு மட்டும் எடுத்துக்கொண்டு மீதியை விற்கிறார்கள். தெருவில் வந்து கிலோ ஐந்து, எட்டு, பத்து என்று வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள். சின்னச் சின்னச் சாக்குகளாகச் சேர்ந்து சூளூர்பேட்டை ரயிலில் ஏறுகிறது. அங்கே பட்டை தீட்டி, புதுப் பையில் அடைத்து, வேறு பெயரில் விற்பனைக்கு வருகிறது. சில நேரம் எங்கள் ஊர் மளிகைக் கடைக்கே திரும்பியும் வருகிறது.

கவரைப்பேட்டை ஸ்டேஷனில் ஒரு நாள் எங்கள் ஊர்ப் பெண் ஒருத்தியைப் பார்த்தேன். செங்கல் சூளையில் வேலை பார்த்தவள். முதுகு போனதால் நின்றுவிட்டாள். காலடியில் இரண்டு சாக்கு.

"எங்கம்மா, சூளூர்பேட்டையா?"

"ஆமா பெரிப்பா."

"போலீஸ் ஏறினா இன்னா பண்ணுவே?"

"உட்டுட்டு எறங்கிடுவேன். மூட்ட போவும், ஆளு தப்பிச்சிக்கும்."

"நஷ்டம் யாருக்கு?"

"எனக்குதான். அந்தாளு முன்னாடியே துட்டு குடுத்துட்டாரு இல்ல, அடுத்த நடையில கழிச்சிக்குவாரு."

நடை என்றாள். எங்கள் ஆயாவை அவள் பார்த்ததே கிடையாது.

செய்தித்தாளில் 'ரயில் இருக்கைக்கு அடியில் கேட்பாரற்றுக் கிடந்த ரேஷன் அரிசி பறிமுதல்' என்று வருகிறதே, அந்த மூட்டைகளுக்குப் பின்னால் இப்படி ஒருத்தி அடுத்த ஸ்டேஷனில் இறங்கி, இழந்த பணத்தைக் கணக்குப் போட்டபடி திரும்பி நடந்துகொண்டிருப்பாள். சில நாள் பிடித்தும் விடுகிறார்கள். மூட்டைகளைச் சுற்றிப் பெண்களை நிற்க வைத்துப் படம் எடுப்பார்கள். முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு நிற்பார்கள்.

இந்த வியாபாரம் சரி என்று நான் சொல்லவில்லை. அரசாங்கத்துக்குக் கிலோ முப்பது ரூபாய்க்கு மேல் அடக்கமாகிற அரிசி அது. அதை வெளியே விடுவது, ஆயா காலத்துப் பஞ்சத்தை நினைத்துப் பார்த்தால், பாவம் என்றே சொல்வேன். ஆயா கொண்டுவந்தது காசு கொடுத்து வாங்கியது; இது ஏழைக்கென்று ஒதுக்கியது. இரண்டும் ஒன்றல்ல. தடுக்கத்தான் வேண்டும். எங்கே தடுப்பது என்பதுதான் என் கேள்வி. கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையில் நான் வேலை பார்த்த காலம் முழுதும் வே பிரிட்ஜில்தான் இருந்தேன். லாரி ஏறி இறங்கும்போது எடை என்னிடம் பொய் சொன்னதில்லை. ஒரு பெண் இரண்டு சாக்கில் கொண்டுபோவது நாற்பது, ஐம்பது கிலோ. ஒரு லாரி கொண்டுபோவது இருபது டன்னுக்கு மேல். அந்த லாரியின் அளவுக்கு அரிசியை ரயிலில் கொண்டுபோக அவளைப்போல் நானூறு பேராவது வேண்டும். லாரி ஓடுவது இருட்டில் காட்டுப் பாதையில் அல்ல, தேசிய நெடுஞ்சாலையில். எளாவூர்ச் சாவடியைத் தாண்டித்தான் போகவேண்டும். ஜி.எஸ்.டி. வந்த 2017க்குப் பிறகு வணிகவரிச் சாவடிகள் போய்விட்டன. ஆனாலும் போக்குவரத்துத் துறையும் காவல்துறையும் அங்கே இருக்கத்தான் செய்கின்றன. அந்த அரிசி போய்ச் சேருகிற ஆலைகளுக்கு மின்சார இணைப்பும் உரிமமும் பெயர்ப்பலகையும் உண்டு. குடிமைப்பொருள் குற்றப்புலனாய்வுத் துறை லாரிகளையும் பிடிக்கிறது, ஆட்களைக் குண்டர் சட்டத்தைப்போன்ற தடுப்புக் காவல் சட்டத்தில் வைக்கவும் செய்கிறது; அந்த வேலையை மதிக்கிறேன். ஆனால் லாரி பிடிபட்டால் டிரைவர் பெயர் வெளிவருகிறது. வாங்கவிருந்த ஆலையின் பெயர் வருவது அபூர்வம்.

இதே சாலையில் வடக்கேயிருந்து கஞ்சாவும் வருகிறது. பஸ்ஸில் பையோடு பிடிபடுகிற பையன்களுக்கு இருபது இருபத்திரண்டு வயதுகூட இருக்காது. அரிசி மூட்டையையும் கஞ்சாப் பொட்டலத்தையும் ஒரே செய்தியில், ஒரே சொல்லால், ஒரே மாதிரிப் படத்தோடு போடும்போது பெரிய குற்றம் சின்னதாகிறது, சின்னது பெரிதாகிறது. கஞ்சா ஊரை அழிக்கிற பொருள். அதற்கு எந்தத் தயவும் தேவையில்லை. அதற்கென்று ஒரு கடுமையான சொல் மிச்சமிருக்க வேண்டுமானால், சூளைக்காரிமேல் அதை வீணாக்காமல் இருக்கவேண்டும்.

எங்கள் ஊர்க்காரர்களுக்கும் இதை வாசிக்கிற மற்றவர்களுக்கும் ஒன்று சொல்லவேண்டும். ரேஷன் அரிசி உங்கள் வீட்டில் பொங்குவதில்லை என்றால் அதை வாங்கி விற்காதீர்கள். அரிசி வேண்டாம் என்று எழுதிக்கொடுத்துச் சர்க்கரை அட்டைக்கு மாறிக்கொள்ளலாம். வட்ட வழங்கல் அலுவலகத்தில் அதற்கு வழி இருக்கிறது. நீங்கள் எட்டு ரூபாய்க்கு விற்கிற கிலோவிலிருந்துதான் அந்தச் சாக்கு நிரம்புகிறது. செய்தி எழுதுகிற தம்பிகளுக்கும் ஒரு வேண்டுகோள். சாக்கு மூட்டையோடு நிற்கிற பெண்ணின் படத்தைப் போடுகிற அன்று, அந்த அரிசியை வாங்கவிருந்தவரின் பெயரையும் கேட்டு வாங்கிப் போடுங்கள். பெயர் கிடைக்கவில்லை என்றால், கிடைக்கிற வரைக்கும் அவள் படத்தையும் நிறுத்தி வையுங்கள்.